சிற்றோலையும் பெருநோயும்

உருவத்தாற் சிறியன எல்லாம் ஆற்றலாலும் சிறியன என்று எண்ணுதல் கூடாது. பேரேரியின் நீரைத் தாங்கி நிற்பது பெருங்கரையே எனினும், அந்நீர் எவ்வயலுக்கு எவ்வளவு பாயவேண்டும் என்பதை வரையறுப்பது மதகின் சிறு பலகையாகும். பலகை தன் இடத்தில் நிற்குமாயின் ஊர் விளைகின்றது. அது சிதைந்து போகுமாயின், பயிரை வளர்த்த நீரே பயிரை மூழ்கடிக்கின்றது. மக்கள் உடம்பினுள்ளும் இத்தகைய சிறு பலகைகள் பல உள்ளன. அவை கண்ணுக்குப் புலனாகாத அளவினவாகிய நுண்ணிய இழைகள். அவற்றை நுண் ஆர்.என்.ஏ. என்று அறிவியலார் வழங்குவர். அவை குறையும்போதும் வரம்பு மீறிப் பெருகும்போதும் புற்றுநோய்க்கு வழி பிறக்கின்றது. அவற்றையே மருந்தாக்கி அந்நோயை அடக்க இயலுமா என்று அறிஞர்கள் முயன்று வருகின்றனர். அம்முயற்சியின் வரலாறு அறிவுக்கு மட்டுமன்றி ஒழுக்கத்திற்கும் பாடமாவது.

உயிரணுவின் ஆட்சி

உடம்பு உயிரணுக்கள் பலகோடி கூடி அமைந்தது. பெரும்பாலான உயிரணுக்களின் நடுவில் உட்கரு என்னும் பகுதி உண்டு. அதனுள்ளே டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கின்றது. அவ்வுயிர் வளர்தற்கும் வாழ்தற்கும் வேண்டிய குறிப்புக்கள் யாவும் அதில் அடங்கியுள்ளன. அதனை மூலச்சுவடி எனக் கூறலாம். அச்சுவடியின் ஏடுகள் போன்றவை மரபணுக்கள்.

தோலில் உள்ள உயிரணுவும் நரம்பில் உள்ள உயிரணுவும் ஒரே மூலச்சுவடியை உடையன. அங்ஙனமாயின் ஒன்று தோலாகவும் மற்றொன்று நரம்பாகவும் ஆனது எவ்வாறு? ஒவ்வோர் உயிரணுவும் தனக்கு வேண்டிய ஏடுகளை மட்டுமே படித்து, ஏனையவற்றை மூடி வைத்துவிடுகின்றது. ஆகவே, சுவடி எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது எதனைப் படித்தல், எதனை விடுத்தல் என்னும் கட்டுப்பாடும் ஆகும்.

மூலச்சுவடி உட்கருவை விட்டு வெளியே வருவதில்லை. வேண்டிய ஏட்டிற்கு ஒரு படி எடுக்கப்பெறுகின்றது. அப்படியே தூது ஆர்.என்.ஏ. எனப்படும். அது வெளியே சென்று தான் தாங்கிய செய்தியை அறிவிக்க, அதற்கேற்ற புரதம் ஆக்கப்பெறுகின்றது. உடம்பின் வினைகளிற் பெரும்பாலானவற்றைச் செய்து முடிப்பவை புரதங்களே.

சோழப் பேரரசில் அரசன் வாய்மொழியாக இட்ட ஆணையை ஓலையில் எழுதிய அலுவலரைத் திருமந்திர ஓலை என்றும், அவர்க்கு மேல் நின்று அதனை ஒப்பியவரைத் திருமந்திர ஓலைநாயகம் என்றும் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. எழுதிய ஆணை எல்லாம் எழுதிய அளவிலேயே ஊர்க்குச் சென்றுவிடவில்லை. இடையே ஒரு காவல் இருந்தது. உயிரணுவின் ஆட்சியிலும் தூது ஆர்.என்.ஏ. என்னும் ஆணையோலைக்கும் புரதம் என்னும் செயலுக்கும் இடையே ஒரு காவல் உண்டு. அக்காவலைப் புரிவது நுண் ஆர்.என்.ஏ. என்னும் சிற்றோலையாகும். ஆணையோலை ஆயிரக்கணக்கான எழுத்துக்களை உடையதாயிருக்கலாம்; சிற்றோலையோ ஏறத்தாழ இருபத்திரண்டு எழுத்துக்களே உடையது. எனினும் அது பெரிய ஓலையின் ஓரிடத்தில் சென்று பொருந்திய அளவில், அவ்வோலை படிக்கப்படாமல் நின்றுவிடும். அல்லது சிதைந்து அழியும்.

புழு கற்பித்த பாடம்

இவ்வுண்மையை உலகிற்கு முதலில் உணர்த்தியது ஒரு சிறு புழு. மண்ணில் வாழும் அப்புழு ஒரு மில்லிமீட்டர் நீளமே உடையது. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்பது அதன் பெயர். உருவிற் சிறிதாயினும் தசை, நரம்பு முதலிய உறுப்புக்களை உடையதாதலின், உயிர்களின் வளர்ச்சியை ஆராய்வோர்க்கு அது பெருந்துணையாயிற்று.

1980களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டு மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இராபர்ட் ஹார்விட்ஸ் என்னும் பேரறிஞரிடம் விக்டர் ஆம்புரோஸ், கேரி ரவ்கன் என்னும் இளைஞர் இருவர் ஆராய்ச்சி செய்தனர். வளர்ச்சியில் கோளாறுற்ற இருவகைப் புழுக்களை அவர்கள் ஆராய்ந்தனர். ஒருவகையில் லின்-4 என்னும் மரபணு பழுதுற்றிருந்தது. மற்றொன்றில் லின்-14 என்னும் மரபணு பழுதுற்றிருந்தது. முன்னையது பின்னையதை அடக்குவது என்பதை ஆம்புரோஸ் கண்டறிந்திருந்தார். எவ்வாறு அடக்குகின்றது என்பது மட்டும் விளங்கவில்லை.

பின்னர் இருவரும் வெவ்வேறிடங்களில் தனித்தனி ஆய்வுக்கூடம் அமைத்து அவ்வினாவைத் தொடர்ந்தனர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஆம்புரோசும் அவருடன் உழைத்தோரும் லின்-4 எந்தப் புரதத்தையும் ஆக்குவதில்லை என்றும், இருபத்திரண்டு எழுத்துக்களையுடைய ஒரு குற்றிழையையே ஆக்குகின்றது என்றும் கண்டு வியப்புற்றனர். மாசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் இருந்த ரவ்கன், லின்-14இன் ஆணையோலை தடையின்றி எழுதப்பெறுகின்றது என்றும், அது புரதமாக மாறும் நிலையிலேதான் தடை நேர்கின்றது என்றும் கண்டார். இருவரும் தாம் கண்டவற்றை ஒப்புநோக்கினர். குற்றிழையின் எழுத்துக்கள் ஆணையோலையின் இறுதிப் பகுதியில் உள்ள எழுத்துக்களோடு பூட்டும் திறவுகோலும் போலப் பொருந்தின. 1993ஆம் ஆண்டு 'செல்' என்னும் ஆராய்ச்சி இதழில் இருவர் கட்டுரைகளும் ஒருங்கே வெளிவந்தன.

அவற்றை அறிவுலகம் அன்று பெரிதாகப் போற்றவில்லை. இது புழுவொன்றின் தனி இயல்பு போலும் என்று பலர் கருதினர். 2000ஆம் ஆண்டில் ரவ்கன் குழுவினர் லெட்-7 என்னும் மற்றொரு சிற்றோலையைக் கண்டு, அது மக்கள் உட்பட உயிரினம் பலவற்றில் உண்டு என்று காட்டிய பின்னரே நிலை மாறியது. மக்கள் உடம்பில் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிற்றோலை மரபணுக்கள் உள்ளன என்பது இன்று தெளிவாகியுள்ளது. 2024ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபெல் பரிசு ஆம்புரோசுக்கும் ரவ்கனுக்கும் அளிக்கப்பெற்றது. கண்டறிந்ததற்கும் பரிசு பெற்றதற்கும் இடையே முப்பத்தோர் ஆண்டுகள் கழிந்தன.

மலரில் மறைந்த நிறம்

இதனோடு ஒத்த மற்றொரு கண்டுபிடிப்பும் உண்டு. 1990ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் சிலர் பெட்டூனியா என்னும் பூச்செடியின் ஊதா நிறத்தை மிகுவிக்க விரும்பி, நிறத்திற்குரிய மரபணுவை அதில் கூடுதலாகப் புகுத்தினர். நிறம் மிகும் என்று எதிர்பார்த்திருக்க, பல மலர்கள் வெண்மையாகவே பூத்தன! ஆணையை இரட்டிக்கப் புகுந்தோர் உள்ள ஆணையையும் இழந்தனர். இதன் காரணம் சில ஆண்டுகள் விளங்காமலே இருந்தது.

1998ஆம் ஆண்டில் ஆண்ட்ரூ பயர், கிரெய்க் மெல்லோ என்னும் இருவர் முன்கூறிய புழுவினிடத்தே ஆராய்ந்து காரணத்தின் முடிச்சை அவிழ்த்தனர். ஈரிழையாய் அமைந்த ஆர்.என்.ஏ. உயிரணுவினுள் புகுந்தால், அதன் எழுத்துக்களோடு ஒத்த ஆணையோலை தேடிப் பிடித்து அழிக்கப்பெறுகின்றது என்று அவர்கள் மெய்ப்பித்தனர். 2006ஆம் ஆண்டு மருத்துவ நோபெல் பரிசு அவர்களுக்கு உரியதாயிற்று. 2001ஆம் ஆண்டில் செருமனி நாட்டில் தாமஸ் துஷ்ல் குழுவினர், இருபத்தோர் எழுத்தளவுள்ள ஈரிழைத் துண்டுகளைச் செயற்கையாக ஆக்கி, மக்களின் உயிரணுக்களிலும் இவ்வாறு செய்ய இயலும் என்று காட்டினர்.

இவ்விரு வகைகளின் வேறுபாடு அறியத்தக்கது. செயற்கையாக ஆக்கப்பெறும் துண்டு, ஓர் ஆணையோலையோடு முழுதும் பொருந்தி அதனை அறுப்பது. உடம்பில் இயல்பாக உள்ள நுண் ஆர்.என்.ஏ.வோ, பெரும்பாலும் அரைகுறையாகப் பொருந்தி அடக்குவது. அதனாலேயே ஒரு சிற்றோலை பல ஆணையோலைகளை ஒருங்கே கட்டுப்படுத்த வல்லதாகின்றது. இஃது ஒரு சிறப்பு; பின்னர்க் காணவிருக்கும் இடர்ப்பாட்டிற்கும் இதுவே ஒரு காரணம்.

காவல் நீங்கிய உயிரணு

புற்றுநோய் என்பது வெளியிலிருந்து படையெடுத்து வரும் பகையன்று, உள்நாட்டுக் குழப்பம். நல்ல உயிரணு வேண்டும்போது பிரிந்து பெருகும்; வேண்டாதபோது நிற்கும்; பழுதுற்றால் தானே மடியும். இம்மூன்று ஒழுங்கும் கெட்டு, நில்லாது பெருகி, மடியாது வாழ்ந்து, பிற உறுப்புக்களிலும் குடியேறுவதே புற்று.

இக்குழப்பத்தில் சிற்றோலைகளுக்கும் பங்கு உண்டு என்பது 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. முதியோரை மிகுதியாகப் பற்றும் நாட்பட்ட இரத்தப் புற்றுநோய் ஒன்றை அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரில் கார்லோ குரோச்சி, ஜார்ஜ் காலின் என்னும் அறிஞர்கள் ஆராய்ந்தனர். அந்நோயுற்றோருள் பாதிக்கு மேற்பட்டோரிடம் பதின்மூன்றாம் குரோமோசோமின் ஒரு சிறு பகுதி அழிந்து காணப்பட்டது. அப்பகுதியில் புற்றைத் தடுக்கும் புரத மரபணு ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று பலர் பல்லாண்டு தேடியும் பயனில்லை. அங்கே இருந்தவை மிர்-15, மிர்-16 என்னும் இரண்டு சிற்றோலைகளின் மரபணுக்களே. பொன்னைத் தேடியோர் பூட்டின் சிறு ஆணியைப் பொருட்படுத்தாது போனது போலாயிற்று அது.

அவற்றின் பணி 2005ஆம் ஆண்டில் விளங்கியது. உயிரணு மடிவதைத் தடுக்கும் புரதம் ஒன்று உண்டு. அதன் பெயர் பி.சி.எல்.-2. அப்புரதத்தின் ஆணையோலையை இவ்விரு சிற்றோலைகளும் அடக்குகின்றன. இவை அழிந்தபோது அப்புரதம் அளவிறந்து பெருகியது. மடிய வேண்டிய உயிரணுக்கள் மடியாமல் குருதியில் நிறைந்தன. மதகுப் பலகை போனபின் வெள்ளம் புகுந்தது என்பது இதுவே. அதே ஆண்டில், லெட்-7 என்னும் சிற்றோலை வளர்ச்சியைத் தூண்டும் ராஸ் என்னும் புரதத்தை அடக்குவது என்றும், நுரையீரற் புற்றில் அச்சிற்றோலை குறைந்து காணப்படுகின்றது என்றும் அறியப்பெற்றது.

இதற்கு மாறான நிலையும் உண்டு. மிர்-21 என்னும் சிற்றோலை பலவகைக் கட்டிகளில் மிகுந்து காணப்படுகின்றது. அது வளர்ச்சியைத் தடுக்கும் நல்ல ஆணைகளையே அடக்கிவிடுகின்றது. காவலர் இன்மையும் கேடு. காவலரே கள்வர்க்குத் துணையாதலும் கேடு.

மருந்தாகும் வழியும் இடையூறுகளும்

நோயின் காரணம் இருவகையாக, மருந்தின் வழியும் இருவகையாயிற்று. குறைந்த சிற்றோலையை ஆக்கி உடம்பிற் செலுத்துதல் ஒன்று. மிகுந்த சிற்றோலையோடு பொருந்தி அதனைச் செயலறச் செய்யும் எதிரிழையைச் செலுத்துதல் மற்றொன்று. நோயை வளர்க்கும் ஓர் ஆணையோலையை மட்டும் அறுக்கும் செயற்கைத் துண்டினைச் செலுத்துதல் இவற்றோடு சேர்த்து எண்ணத்தக்க மூன்றாம் வழி.

சொல்லளவில் எளிதாகிய இது செயலில் மிக அரிது. ஆர்.என்.ஏ. குருதியிற் புகுந்ததும், அங்குள்ள நொதிகள் அதனை விரைந்து அறுத்துவிடுகின்றன. அறுபடாது தப்பிய சிறு துண்டைச் சிறுநீரகம் வடித்து வெளியேற்றுகின்றது. அதற்கும் தப்பியதை உயிரணுவின் மேலுறை உள்ளே விடுவதில்லை. வைரசுகளின் ஆர்.என்.ஏ.வோடு அது ஒத்திருத்தலின், உடம்பின் நோயெதிர்ப்பு ஆற்றல் அதனைப் பகையெனக் கருதிச் சினந்தெழுவதும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, மருந்து புற்றுக்கட்டியைச் சென்று சேர்தல் வேண்டும். குருதியிற் செலுத்தப்பெறும் நுண்துகள்களிற் பெரும்பகுதி கல்லீரலிலேயே தங்கிவிடுகின்றது. ஓலை எழுதுவது எளிது. உரியவர் கையில் அதனைச் சேர்ப்பதே அரிது.

இவ்விடையூறுகளைக் கடக்க அறிஞர்கள் இழையின் வேதியியல் அமைப்பைச் சிறிது மாற்றி நொதிகளுக்கு எளிதில் இரையாகாதபடி செய்தனர். கொழுப்பாலாகிய நுண்துகள்களுள் அதனைப் பொதிந்து செலுத்தினர். 2010ஆம் ஆண்டில் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்து மார்க் டேவிஸ் குழுவினர், நுண்துகள்களிற் பொதிந்த செயற்கைத் துண்டுகள் தோற்புற்று நோயாளரின் கட்டிகளைச் சென்றடைந்து, குறித்த ஆணையோலையை அறுத்தன என்பதற்குச் சான்று காட்டினர். வழி உண்டு என்பது தெரிந்தது.

ஒரு சோதனையும் அதன் படிப்பினையும்

புற்றுத் தடுப்பில் தலைமையானது பி-53 என்னும் புரதம். அதன் ஏவலால் தோன்றி, உயிரணுவின் பெருக்கத்தை நிறுத்துவது மிர்-34 என்னும் சிற்றோலை. பல புற்றுக்களில் அது குறைந்திருத்தலின், அதனை ஆக்கிச் செலுத்தினால் பயன் விளையும் என்று எண்ணினர். ஆய்வுக்கூடத்து விலங்குகளிடம் கட்டிகள் சுருங்கின. எனவே, 2013ஆம் ஆண்டில் அதனைக் கொழுப்புத் துகளிற் பொதிந்து புற்று முற்றிய நோயாளர்க்கு அளித்துச் சோதித்தனர். நுண் ஆர்.என்.ஏ. ஒன்று புற்றுநோய் மருந்தாக மக்கட்குச் செலுத்தப்பெற்றது அதுவே முதன்முறை.

எண்பத்தைந்து நோயாளர் அச்சோதனையில் இடம் பெற்றனர். அவருள் மூவர்க்குக் கட்டி ஓரளவு சுருங்கியது. வேறு சிலர்க்கு நோய் வளராது நின்றது. ஆயினும் நோயெதிர்ப்பு ஆற்றல் கொந்தளித்தெழுந்தமையால் சிலர்க்குக் கடுந்தீங்கு நேர்ந்தது, நால்வர் உயிரிழந்தனர். 2016ஆம் ஆண்டில் சோதனை நிறுத்தப்பெற்றது. நிகழ்ந்தவை அனைத்தும், நன்மையும் தீமையும் மறையாது, 2020ஆம் ஆண்டில் எழுதி வெளியிடப்பெற்றன.

இச்செய்தியை மேலோட்டமாகப் படிப்போர் இதனைத் தோல்வி என்பர். ஆழ்ந்து நோக்குவோர் இதில் மூன்று உண்மைகளைக் காண்பர். நோயின் காரணத்தை அறிதல் வேறு, நோயைத் தீர்த்தல் வேறு என்பது ஒன்று. ஒரே வேளையில் பல ஆணைகளை அடக்கும் பொருளைப் பேரளவிற் செலுத்துங்கால், வேண்டாத இடத்தும் அது வினை புரியக்கூடும் என்பது மற்றொன்று. தீங்கு கண்டவுடன் நிறுத்துதலும், கண்டதை ஒளிக்காது கூறுதலும் ஆராய்ச்சியின் உறுப்புக்களே என்பது மூன்றாவது. தமக்கே பயன் கிட்டும் என்னும் உறுதி இல்லாதிருந்தும், பின்வருவோர்க்கு உதவும் என்று சோதனைக்கு இசைந்த நோயாளர்களின் ஈகை போர்க்களத்து வீரத்தினும் குறைந்ததன்று.

கல்நார்த் தூசியால் நுரையீரலின் உறையிற் பற்றும் கொடிய புற்று ஒன்று உண்டு. அதற்கு ஆசுதிரேலிய நாட்டு அறிஞர்கள் மிர்-16இன் போலியை, பாக்டீரியாவிலிருந்து பெற்ற நுண்பைகளில் நிரப்பி, கட்டியைத் தேடிப் பற்றும் எதிர்ப்பொருளை அப்பைகளின் மேற்புறத்தில் இணைத்துச் செலுத்தினர். 2017ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி, ஆராய்ந்து பார்க்கப்பெற்ற இருபத்திருவருள் ஒருவர்க்குக் கட்டி சுருங்கியது. பதினைவர்க்கு நோய் வளராது நின்றது. அறுவர்க்கு நோய் வளர்ந்தது. இது வெற்றியுமன்று, வீணுமன்று. மேலும் ஆராய்க என்னும் குறிப்பு அது.

இன்றைய நிலை

குறித்த ஆணையோலையை அறுக்கும் செயற்கைத் துண்டு பிறிதொரு நோய்க்கு மருந்தாகிவிட்டது. பெற்றோர் வழியாக வரும் நரம்புநோய் ஒன்றிற்குப் பட்டிசிரான் என்னும் மருந்தை 2018ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு ஏற்றது. அந்நோய்க்குக் காரணமான புரதம் கல்லீரலில் ஆக்கப்பெறுவது. நுண்துகள்கள் இயல்பாகவே சென்று தங்குவதும் கல்லீரலிலேதான். ஆகவே, முன்னர் இடையூறாக நின்றதே இங்கே துணையாயிற்று. புற்றுநோய்க்கோ, 2024ஆம் ஆண்டின் இறுதிவரையில் இத்தகைய மருந்து எதுவும் அவ்வரசால் ஏற்கப்பெறவில்லை. சோதனைகள் தொடர்கின்றன.

எனினும், சிற்றோலைகளை அறிந்தமை வீண்போகவில்லை. பி.சி.எல்.-2 புரதமே நாட்பட்ட இரத்தப் புற்றின் உயிர்நிலை என்பதை மிர்-15, மிர்-16 ஆகியவற்றின் அழிவு உறுதி செய்தது. அப்புரதத்தை நேரே தடுக்கும் வெனெட்டோகிளாக்ஸ் என்னும் மருந்து, வேறு வழியாக வளர்ந்த ஆராய்ச்சியின் பயனாக, 2016ஆம் ஆண்டில் அந்நோய்க்கு ஏற்கப்பெற்றது. மிர்-34 சோதனை நின்றதும் அதே ஆண்டில்தான். ஒரு வாயில் அடைபட்ட ஆண்டிலேயே அதே மாளிகைக்கு மற்றொரு வாயில் திறந்தது.

ஆதலின், புதுமை என்னும் பெயர் கேட்ட அளவில் மயங்குதலும் தகாது; ஒருமுறை தவறியது என்று கைவிடுதலும் தகாது. முற்றாய்வு செய்யப்பெறாத ஒன்றைக் கைகண்ட மருந்தென்று கூறி விற்பார் எந்நாட்டிலும் உண்டு. அவர் சொல்லை நம்பி, அறுவை மருத்துவம், கதிர் மருத்துவம், தேர்ந்த மருந்துகள் ஆகியவற்றைக் காலத்தில் நாடாது இழந்தோர் பலர். அறிவுடையார், செய்து காட்டப்பெற்றது எது, செய்ய முயலப்படுவது எது என்று பிரித்து அறிவர்.

இருபத்திரண்டு எழுத்துக்களே உடைய ஓர் இழை, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவிடத்தே காணப்பெற்று, மக்களின் பெருநோய் ஒன்றன் வேரைக் காட்டியது. அதனைப் பயன்கொள்ளும் கலை இன்னும் கைவந்து முடியவில்லை. அது கைவருமாயின், விரைந்து புகழ் நாடியோரால் அன்று. சிறியதைச் சிறிதென்று இகழாமலும், தீங்கு கண்டபோது மறைக்காமலும், பொறுமையோடு உழைத்தோராலேயே கைவந்ததாகும்.

பயிற்சி வினாக்கள்

1. தோலின் உயிரணுவும் நரம்பின் உயிரணுவும் ஒரே மூலச்சுவடியை உடையனவாயினும் வேறுபடுவது எதனால்?
2. லின்-4, லின்-14 ஆகியவற்றின் தொடர்பை ஆம்புரோசும் ரவ்கனும் எவ்வாறு கண்டறிந்தனர்?
3. மிர்-15, மிர்-16 ஆகியவை அழிந்தமையால் நேர்ந்த கேடு யாது?
4. "ஓலை எழுதுவது எளிது, உரியவர் கையில் அதனைச் சேர்ப்பதே அரிது" – இதனை விளக்குக.
5. மிர்-34 சோதனையைத் தோல்வி என்று கூறலாமா? நும் கருத்தைக் காரணம் காட்டி ஒரு பக்க அளவில் எழுதுக.